அப்பா கையெழுத்து

பனி கொட்டி ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நாட்களில்தான் மார்னி லாட்டிக்கு வேலை அதிகம். ஏரிக்கரைச் சாலையில் பனி ஒதுக்கும் மஞ்சள் லாரியை அவள் ஓட்டிக்கொண்டு போனால், பின்னாலேயே பள்ளிக்கூட பஸ்ஸும் பால் வண்டியும் வரிசையாக வரும். அவள் யார் வீட்டு வாசலையும் பனியால் அடைத்துவிட்டுப் போகமாட்டாள் என்று ஊரில் பெயர். ஒவ்வொரு வாசலுக்கு நேராக வரும்போதும் வேகத்தைக் குறைப்பாள். லாரியின் முன்னால் இருக்கும் இரும்புப் பலகையைக் கொஞ்சம் திருப்பிப் பனியை மறுபக்கம் தள்ளிவிட்டு, மறுபடி நேராக்கிக்கொள்வாள். இதனால் அவள் லாரி எப்போதும் கடைசியாகத்தான் கொட்டகைக்குத் திரும்பும். கூட வேலைபார்க்கும் லைலுக்கு அதில் தினம் ஒரு கேலி.

"நீ பனி தள்ளுறியா, இல்ல கேக்குக்கு க்ரீம் தடவுறியா?"

"உன் தெருவுல பனி தள்றது யாரு? நீதானே? உன் பொண்டாட்டி காலங்காத்தால வாசல்ல நின்னுக்கிட்டு யாரைத் திட்டுறான்னு எனக்குத் தெரியும், லைல்."

இதே பொறுமையோடு மார்னி இன்னொரு வேலையையும் பல வருஷங்களாகப் பார்த்துவந்தாள். அது ஊரில் லைலைத் தவிர யாருக்கும் தெரியாது.

மார்னியின் கணவன் டேல், மகள் பிரிட்டாவுக்கு ஐந்து வயது நடந்த இலையுதிர் காலத்தில், நார்த் டகோட்டா எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனான். கொஞ்ச நாள் பணமும் போனும் வந்தன. பிறகு போன் மட்டும் வந்தது. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வான்கோழி விருந்துக்குப் பிறகு அதுவும் நின்றது. விவாகரத்து வழக்குக்குக்கூட அவன் வந்து நிற்கவில்லை. மகளுக்கு மாதாமாதம் கொடுக்கவேண்டும் என்று நீதிபதி சொன்ன தொகை, சொன்னதோடு சரி. ஒரு முதலாளியிடமும் நிலைக்காமல் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவனின் சம்பளத்தை அரசாங்கம் எங்கே போய்ப் பிடிக்கும்?

அந்த ஜனவரியில் பிரிட்டாவின் பிறந்தநாள் வந்தது. மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, குழந்தை ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தபால்காரரின் ஜீப்புக்காகக் காத்திருந்தது. அப்பா பார்சல் அனுப்புவார் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அதுவாகவே முடிவுசெய்துகொண்டது. ஜீப் வந்தது, போனது. "நாளைக்கு வரும்மா. டகோட்டா ரொம்ப தூரம்ல?" என்று குழந்தை தாய்க்குச் சமாதானம் சொன்னது.

மார்னி அன்று சாயங்காலம் தூண்டில் கடைக்குப் போய் ஒரு பொய்மீன் வாங்கினாள். விரல் நீளம், வெள்ளி நிறம், முதுகில் நீலக் கோடு. உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடிக்கும்போது உள்ளே இறக்கி ஆட்டுவது. டேலுக்குப் பிடித்த ரகம். வாழ்த்து அட்டையை எடுத்துவைத்து எழுதப் போனபோதுதான், இது தன் எழுத்தாக இருக்கக்கூடாது என்று உறைத்தது. டேல் இடது கைக்காரன். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாலைந்து காகிதத்தைக் கிழித்துப் போட்டபின், ஏரிக்காற்றில் சாய்ந்த மரங்களைப் போல ஒரு எழுத்து வந்தது. 'பிறந்தநாள் வாழ்த்து, மீன்குஞ்சு. அப்பா.'

மீன்குஞ்சு என்பது டேல் மகளைக் கூப்பிட்ட பெயர். பார்சலை ஊர்த் தபால் நிலையத்திலேயே போட்டாள்.

அந்த ஒரு தடவையோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த டிசம்பரில் குழந்தை, "இந்த வருஷம் அப்பா என்ன கலர் அனுப்புவாரு?" என்று கேட்டது. அதற்குப் பிறகு விடுவது எப்படி? படிக்கக் கற்றுக்கொண்டதும், "ஏம்மா, தபால் முத்திரையில நம்ம ஊர் பேரு இருக்கு?" என்று கேட்டது. அப்போதுதான் லைல் இந்த விஷயத்துக்குள் வந்தான். அவன் மச்சான் டகோட்டாவுக்குச் சரக்கு லாரி ஓட்டினான். ஒவ்வொரு புத்தாண்டு கழிந்ததும் மார்னி ஒரு சின்னப் பெட்டியை லைலிடம் கொடுப்பாள். அது மச்சானின் லாரியில் எண்ணெய் வயல் பக்கத்து ஊரான வில்லிஸ்டன் வரை போய், அங்கே தபாலில் விழுந்து, வில்லிஸ்டன் முத்திரையோடு திரும்பி வரும்.

பிரிட்டா அந்தப் பொய்மீன்களை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஏரியின் வளைகுடா உறைந்ததும், உள்ளே உட்கார்ந்து மீன்பிடிக்கும் சின்ன மரக்கூடாரத்தைப் பனிக்கட்டி மேல் இழுத்துப் போய் நிறுத்தி, ஒவ்வொன்றையும் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பாள். எது எந்த மீனை இழுக்கிறது, எந்த ஆழத்தில் என்றெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள். அப்படியே வளர்ந்து, ஏரிகளையும் மீன்களையும் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று மினசோட்டாவில் ஒரு சின்னத் தனியார் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். டிசம்பரிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஒரு வருஷத்துக் கட்டணம் மார்னியின் ஒரு வருஷச் சம்பளத்தைவிட அதிகம். கல்லூரி தாராளமாக உதவி செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். உதவி கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் இல்லை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. தாய்க்கும் மகளுக்கும் அது தெரியும்.

ஜனவரிக் கடைசியில் பள்ளிக்கூடத்து ஆலோசகர் இங்க்ரிட், மார்னியைக் கூப்பிட்டனுப்பினாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"அரசாங்க உதவியில பிரச்சினையே இல்ல," என்றாள் இங்க்ரிட். "பிரிஞ்சு போனவங்கள்ல பிள்ளைய யார் செலவு பண்ணி வளர்த்தாங்களோ, அவங்க வருமானத்த மட்டும்தான் பார்ப்பாங்க. அது நீதான். ஆனா பெரிய தொகை காலேஜோட சொந்தப் பணத்துலருந்துல்ல வரணும்? அதுக்கு அவங்க தனியா ஒரு விண்ணப்பம் வெச்சிருக்காங்க. அதுல டேலோட வருமானமும் வேணுமாம். அவன் கையெழுத்தும் வேணுமாம்."

"எங்களுக்கு விவாகரத்து ஆகி எவ்வளவு காலமாச்சு, இங்க்ரிட்!"

"விவாகரத்து உனக்கும் அவனுக்கும். காலேஜைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் ஜோடிதான்."

"நல்லவேளை, கல்யாண நாளுக்குப் பூச்செண்டு அனுப்பாம விட்டாங்க."

இங்க்ரிட் சிரித்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "டேல் எங்க இருக்கான்னு ஏதாவது தெரியுமா?"

"பிள்ளைச் செலவு வசூல் பண்ற ஆபீஸ்லயே கேட்டேன். மொன்டானாவுல ஒரு பழைய விலாசம், அதுவும் பொய்யாம். அவங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ வழி இருக்கு. அப்பா எங்கன்னே தெரியாது, காசும் தரல, பேச்சும் இல்லன்னா அவங்க விலக்கு கொடுப்பாங்க. உன்னோட வருமானம் மட்டும் போதும். ஆனா பிரிட்டா தன் கைப்பட எழுதிக் கொடுக்கணும், அப்பாகிட்டயிருந்து கடைசியா எப்போ தகவல் வந்துச்சுன்னு. குடும்பத்துக்கு வெளிய, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கடிதமும் வேணும். பிப்ரவரி முடியறதுக்குள்ள. என்ன மார்னி, முகமே மாறிப்போச்சு?"

மார்னி கையுறையை மாட்டிக்கொண்டாள். இந்த வருஷத்துப் பார்சல் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பச்சை நிறம், ஆரஞ்சு வயிறு.

கொட்டகையில் லைல் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இதுல என்ன யோசனை? அவன் கையெழுத்துதானே வேணும்? உன் இடது கை எங்க போச்சு? டேலே வந்து பார்த்தாலும் தன்னோடதுன்னு சொல்லுவான்."

"அட்டையில எழுதினா பொய். இதுல எழுதினா ஜெயில்."

"ஜெயில்ல பனி தள்ள வேண்டாம்."

"வாயை மூடு, லைல்."

"சரி, மூடிட்டேன்." கொஞ்ச நேரம் மூடியும் இருந்தான். "அப்போ பொண்ணுகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

சொல்லாமல் முடிக்க மார்னி ஒரு முயற்சி செய்து பார்த்தாள். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ்ஷை மேஜையில் வைத்துவிட்டு, விலக்கு விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னாள். பார்சலில் அனுப்புகிறவர் விலாசம் எதுவும் இல்லையே, அதனால் அப்பாவோடு தொடர்பு இல்லை என்று எழுதலாமே என்றாள்.

பிரிட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "தொடர்பு இல்லன்னா? ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதானேம்மா அனுப்பினாரு?"

"அது ஒரு பார்சல். வருஷத்துக்கு ஒரு தடவை."

"வருஷம் தவறாம! வேற யார் அப்பா அப்படி அனுப்புறாங்க? என் கிளாஸ் டானிகாவோட அப்பா பக்கத்துத் தெருவுலதான் இருக்காரு. அவ பிறந்தநாள் எப்போன்னுகூட அவருக்குத் தெரியாது. நான் என்ன எழுதணுங்கற? எங்கப்பா என்னை மறந்துட்டாருன்னா? காசுக்காகவா?"

"பிரிட்டா…"

"உனக்கு அவர் மேல கோவம். அது உன் விஷயம். எனக்கு அவர் ஒரு கெடுதலும் பண்ணல." எழுந்து நின்றாள். "கையெழுத்துதானே வேணும்? நான் போய் வாங்கிட்டு வரேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு. டானிகா கார்ல போயிடலாம். வில்லிஸ்டன் சின்ன ஊருதான். தபால் ஆபீஸ்ல கேட்டா யாருக்காவது தெரியும்."

பிப்ரவரியில் டகோட்டா சாலை எப்படி இருக்கும் என்று மார்னிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சாலையின் முடிவில் யாரும் இல்லை என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் வளைகுடாவுக்குப் போனார்கள். மரக்கூடாரத்துக்குள் சின்ன அடுப்பு எரிந்தது. துளைக்குள் கறுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. பிரிட்டா பச்சைப் பொய்மீனை இறக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று மார்னி ஒரு வாரமாக யோசித்துவைத்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை.

"அதை நான்தான் அனுப்பினேன்," என்றாள்.

"எதை?"

"உன் கையில இருக்கறதை. எல்லாத்தையுமே. லைலோட மச்சான் வில்லிஸ்டன்ல கொண்டுபோய்ப் போடுவாரு."

தூண்டில் கம்பு நின்றது. பிரிட்டா தாயை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அதிர்ச்சி இருக்கும் என்று மார்னி எதிர்பார்த்திருந்தாள். இருந்தது அருவருப்பு.

"சீ. இதுக்காக இவ்வளவு தூரம் போவியாம்மா?"

"எதுக்காக?"

"நான் எழுதிக் கொடுக்கணும்னு. அந்த ஒரு விஷயம்தான் எனக்குன்னு அவர்கிட்டயிருந்து இருக்கு. அதையும் உன்னோடதாக்கிக்கப் பார்க்குற. அட்டையில இருக்கறது அப்பா எழுத்து. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கோழி கிளறின மாதிரி இருக்கும்."

இத்தனை வருஷம் பக்குவமாகச் செய்த வேலை இப்படி எதிரே வந்து நிற்கும் என்று மார்னி நினைக்கவேயில்லை. பொய்யை நம்பிய பெண் உண்மையை நம்பமாட்டேன் என்கிறாள். வேறு வழி தோன்றவில்லை. பிடித்த மீனின் நீளத்தைக் குறித்துவைக்கும் பென்சில், கூடாரத்துச் சுவரில் நூலில் தொங்கியது. மார்னி வலது கையுறையைக் கழற்றப் போய், நிறுத்தி, இடது கையுறையைக் கழற்றினாள். பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டு பலகைச் சுவரில் எழுதினாள். குளிரில் விரல் விறைத்திருந்தது. ஆனால் எழுத்து தடுமாறவில்லை. காற்றில் சாய்ந்த மரங்களைப் போல ஒவ்வொன்றாக வந்து நின்றது.

'பிறந்தநாள் வாழ்த்து, மீன்குஞ்சு. அப்பா.'

பிரிட்டா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பு அவள் கையிலிருந்து நழுவிப் பனிக்கட்டியில் விழுந்தது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"பத்து வயசுல வந்த அந்த மீன் வெட்டுற கத்தி?"

"அதுவும்."

"மீன்குஞ்சுங்கற பேரு?"

"இல்ல கண்ணு. அது அவன் வெச்ச பேரு. நிஜமாவே அப்படித்தான் கூப்பிடுவான். தோள் மேல தூக்கி வெச்சுக்கிட்டு."

பிரிட்டா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். வெள்ளைப் பரப்பில் அவளுடைய சிவப்புக் கோட்டு சிறிதாகிக்கொண்டே போவதை மார்னி கூடாரத்து வாசலிலிருந்து பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துத் தூண்டில்களை எடுத்துவைத்தாள்.

அன்றே பிரிட்டா டானிகா வீட்டுக்குத் தங்கப் போய்விட்டாள். 'வெள்ளிக்கிழமை போகத்தான் போறேன். இப்போ கையெழுத்துக்காக இல்ல. எண்ணெய் வயல்ல விசாரிச்சாவது அவர் மூஞ்சியைப் பார்க்கணும்' என்று போனில் ஒரு செய்தி மட்டும் வந்தது. பதினெட்டு வயது ஆகிவிட்ட பெண்ணை எந்தச் சட்டத்தைச் சொல்லித் தடுப்பது? விலக்குப் பத்திரம் சமையலறை மேஜையிலேயே கிடந்தது. மார்னி அதை நகர்த்தவும் இல்லை, அதைப் பற்றி மகளுக்கு எழுதவும் இல்லை.

வியாழக்கிழமை பனி பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்தபோது மார்னியின் லாரி டானிகாவின் தெருவுக்குள் நுழைந்தது. வாசலில் கார் புறப்படத் தயாராக நின்றது. பின்சீட்டில் பைகள். கண்ணாடியிலிருந்த பனியை டானிகா சுரண்டிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் பிரிட்டா, சிவப்புக் கோட்டு.

லாரிக்கு முன்னால் இடுப்பளவு பனி உருண்டு வந்துகொண்டிருந்தது. மார்னி ஒன்றும் செய்யவேண்டாம். பலகையைத் திருப்பாமல் நேராகப் போனாலே போதும். அந்தப் பனி முழுவதும் வாசலில் சுவராக நிற்கும், மதியம்வரை கார் அசையாது. அதற்குள் டகோட்டா எல்லையில் சாலையை மூடிவிடுவார்கள். மற்ற ஓட்டுநர்கள் எல்லோரும் தினமும் செய்வதுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

வாசலுக்கு நேராக வந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். பலகையைத் திருப்பினாள். பனி எதிர்ப்பக்கம் சரிந்தது. வாசல் திறந்தே இருந்தது. மறுபடி நேராக்கிக்கொண்டு, கண்ணாடியில் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை தாண்டிப் போனாள். அங்கே லாரியை ஓரங்கட்டி நிறுத்தி அழுதாள். வயர்லெஸ்ஸில் லைல், "என்ன மார்னி, க்ரீம் தீர்ந்துபோச்சா?" என்றான். பிறகு, "சரி, சரி, மெதுவா வா," என்று தானே முடித்துக்கொண்டான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. பிரிட்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வாசலை மூடல?" என்றாள்.

"நான் யார் வாசலையும் மூடறதில்ல."

"நான் போயிருப்பேன்."

"தெரியும்."

"நீ பலகையைத் திருப்பினப்போ டானிகா சொன்னா, உங்கம்மாவுக்குப் பைத்தியம்னு. மெயின் ரோடு வரைக்கும் போனோம். அதுக்கு மேல போக எனக்கு மனசு வரல, திரும்பிட்டோம்." பிரிட்டா பத்திரத்தைத் தாயின் பக்கம் நகர்த்தினாள். "நான் உன்னை இன்னும் மன்னிக்கல."

"வேண்டாம். அவசரமில்ல."

பத்திரத்தில் மகளின் எழுத்து நேராக, தெளிவாக இருந்தது. 'அப்பாவிடமிருந்து கடைசியாக வந்த தகவல்: எனக்கு ஐந்து வயது, தேங்க்ஸ்கிவிங் அன்று, போனில். வான்கோழியில் எனக்குக் கால் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த பரிசுகளை அனுப்பியது என் அம்மா.'

அவளுக்கு அது நினைவிருக்கும் என்று மார்னிக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குடும்பத்துக்கு வெளியே, விஷயம் தெரிந்த ஒருவர் என்று பார்த்தால் லைல்தான். அவன் இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். "இதுல என்னையே நான் மாட்டிவிடணும் போலருக்கே! டேல் ஒண்ணுமே அனுப்பலன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான்தான் அனுப்பி வெச்சேன்னு சொல்லணும். இதைப் படிக்கிறவங்க எங்களை என்ன கூட்டம்னு நினைப்பாங்க?" கடைசியில் அப்படியே எழுதிக்கொடுத்தான். மச்சானுக்கு பெட்ரோல் செலவுகூட யாரும் தரவில்லை என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான். அதை அடித்துவிடச் சொல்லி இங்க்ரிட் கெஞ்சவேண்டியிருந்தது.

ஏப்ரலில் பனி உருகிச் சாலையோரமெல்லாம் சேறானபோது விலக்கு கிடைத்தது. கல்லூரி தன் பணத்திலிருந்து பெரிய பங்கைக் கொடுத்தது. மீதிக்குக் கொஞ்சம் கடன், கொஞ்சம் பிரிட்டாவின் கோடைகால வேலை. இலை உதிரத் தொடங்கும் முன்னே அவள் புறப்பட்டாள். போகும்போது தாயைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. பொய்மீன் பெட்டியையும் எடுத்துப்போகவில்லை.

ஜனவரி வந்தது. தூண்டில் கடையில் மார்னி வெகுநேரம் நின்றாள். வாங்குவதா வேண்டாமா என்றே புரியவில்லை. கடைசியில் செம்பு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். வீட்டில் உட்கார்ந்து, பேனாவை வலது கையிலேயே பிடித்து, 'பிறந்தநாள் வாழ்த்து. அம்மா' என்று எழுதி, ஊர்த் தபால் நிலையத்திலேயே போட்டாள். முத்திரையில் சொந்த ஊர்ப் பெயர்.

பிறந்தநாள் அன்று போன் வந்தது. பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம்.

"வந்துச்சும்மா."

"புடிச்சிருக்கா?"

"மீன் நல்லாத்தான் இருக்கு. எழுத்துதான் சகிக்கல. என் ரூம்மேட் இதை டாக்டர் சீட்டுன்னு நினைச்சா. அப்பா எழுத்து இதைவிட எவ்வளவோ நல்லா இருந்துச்சு."

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. "அது பொறுமையா எழுதினதுடி."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பிள்ளைகள் சத்தம் அடங்கியது. பிறகு பிரிட்டா சொன்னாள்:

"அடுத்த வருஷம் அந்தக் கையாலேயே எழுது. மீன்குஞ்சுன்னே போடு. கீழ பேரை மட்டும் மாத்திக்கோ."